ஆங்கிலத்தில் வேலை விண்ணப்பக் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், கூட வேலை பார்த்தவர்கள் என்று பலருடைய விண்ணப்பக் கடிதங்களைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். சில காலம் ஆள் எடுக்கும் குழுவில் இருந்து, வந்து குவியும் கடிதங்களைப் படித்தும் இருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: நம்மவர்கள் பலருக்கு வேலைக்கு வேண்டிய தகுதி இருக்கிறது, போதுமான ஆங்கிலமும் இருக்கிறது. ஆனால் கடிதத்தை ஒரு மனுவாக நினைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு எழுதுகிறார்கள். அங்கேதான் சறுக்குகிறது.

ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் உடனே பிடிபடும்.

ரெஸ்யூமே இருக்கிறதே, தனியாகக் கடிதம் எதற்கு?

ரெஸ்யூமே நீங்கள் இதுவரை செய்த எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறது. அதில் எது இந்த வேலைக்குப் பொருந்துகிறது என்று அது சொல்லாது. அந்த வேலையைக் கடிதம் செய்கிறது.

எல்லாரும் கடிதத்தைப் படிக்கிறார்களா என்றால், இல்லை. ரெஸ்யூமேயை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் உண்டு. ஆனால் தகுதியில் இரண்டு பேர் சமமாக நிற்கும்போது கடிதத்தை எடுத்துப் பார்ப்பார்கள். நானே அப்படிச் செய்திருக்கிறேன். விளம்பரத்தில் கடிதம் கேட்டிருந்தால் கட்டாயம் அனுப்புங்கள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள்.

என் ஆங்கிலம் சுமார்தான். என்னால் எழுத முடியுமா?

முடியும். ஒரு பக்கக் கடிதத்துக்கு இலக்கியத் தரமான ஆங்கிலம் தேவையில்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள், பிழையில்லாமல் இருந்தால் போதும்.

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதனால் "படித்து முடித்து, ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, கணக்கு வேலை பழகி, பிறகு மேற்பார்வையாளராகி..." என்று வினையெச்சங்களாக அடுக்கிக்கொண்டே போய் முடிவில் ஒரு வினைமுற்றைப் போட்டு நிறுத்துகிறோம். தமிழில் இது அழகாக நிற்கும். இதையே ஆங்கிலத்தில் செய்தால் அண்ட், அண்ட், அண்ட் என்று இழுத்து, எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் போகும். உங்கள் மனதில் ஓடும் வாக்கியத்தில் எங்கெல்லாம் வினையெச்சம் வருகிறதோ, ஆங்கிலத்தில் அங்கே முற்றுப்புள்ளி வையுங்கள். பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இன்னொன்று: சொல்ல வேண்டிய விஷயத்தை முதலில் தமிழில் நான்கு குறிப்புகளாக எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதும் அந்தத் தாளை மூடி வைத்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதுங்கள். பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி மொழிபெயர்த்தால் தமிழ் வாக்கியத்தின் எலும்புக்கூடு ஆங்கிலத்தில் துருத்திக்கொண்டு நிற்கும்.

"ரெஸ்பெக்டெட் சார்" என்று தொடங்கலாமா?

வேண்டாம். "மதிப்பிற்குரிய ஐயா" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுபோனதுபோல் இருக்கிறது. நம் பக்கத்தில் இது பழகிப்போன தொடக்கம். பன்னாட்டு நிறுவனத்திலோ வெளிநாட்டிலோ படிப்பவருக்கு விசித்திரமாகப் படும். படிப்பவர் பெண்ணாக இருந்தால் "சார்" இன்னும் மோசம்.

ஆங்கிலக் கடிதத்தின் வழக்கமான தொடக்கம் "டியர்". முன்பின் தெரியாதவரை டியர் என்று எழுதப் பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. கடிதத் தொடக்கத்தில் அந்தச் சொல்லுக்கு அன்பு என்ற பொருள் எதுவும் மிஞ்சவில்லை. அது வெறும் மரபு. தயங்காமல் எழுதலாம்.

யாருக்குப் போகிறது என்று விளம்பரத்திலும் நிறுவனத்தின் இணையதளத்திலும் தேடிப் பாருங்கள். பெயர் கிடைத்தால் மிஸ்டர் அல்லது மிஸ் போட்டு, பெரும்பாலும் பெயரின் கடைசிப் பகுதியாக வரும் குடும்பப் பெயரை எழுதுங்கள். பெண்ணுக்கு எம், எஸ் என்ற இரண்டே எழுத்தில் எழுதும் "மிஸ்" பாதுகாப்பானது, ஏனென்றால் திருமணமானவரா இல்லையா என்று அது சொல்வதில்லை. ஆணா பெண்ணா என்று பெயரிலிருந்து தெரியவில்லையா? டியர் போட்டு முழுப் பெயரையும் எழுதிவிடுங்கள். பெயரே கிடைக்காவிட்டால் "டியர் ஹயரிங் மேனேஜர்". "டியர் சார் ஆர் மேடம்" கொஞ்சம் பழைய பாணி, ஆனால் தவறில்லை. "டு ஹூம் இட் மே கன்சர்ன்" என்பது சான்றிதழுக்கும் பரிந்துரைக் கடிதத்துக்கும் உரியது, இங்கே ஒட்டாது.

கடைசியில் "ஃபெய்த்ஃபுல்லி"யா, "சின்சியர்லி"யா?

பிரிட்டிஷ் மரபில் இதற்குத் தெளிவான விதி உண்டு. டியர் சார் ஆர் மேடம் என்று பெயரில்லாமல் தொடங்கினால் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி". பெயர் சொல்லித் தொடங்கினால் "யுவர்ஸ் சின்சியர்லி". அமெரிக்காவில் இந்தப் பாகுபாடு இல்லை, வெறும் "சின்சியர்லி" போதும்.

"யுவர்ஸ்" என்பதில் "எஸ்" எழுத்துக்கு முன் அபாஸ்ட்ரஃபி என்ற மேற்குறி வராது. இரண்டாவது சொல் சிறிய எழுத்தில் தொடங்கும். சின்சியர்லியில் "ஆர்" எழுத்துக்கும் "எல்" எழுத்துக்கும் நடுவே "ஈ" உண்டு, பலர் அதை விழுங்கிவிடுகிறார்கள். "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" பள்ளியில் விடுப்புக் கடிதத்துக்குக் கற்றது, அதை அங்கேயே விட்டுவிடலாம்.

முதல் பத்தியில் என்ன எழுதுவது?

எந்த வேலை, எங்கே பார்த்தீர்கள், உங்களிடம் இருக்கும் மிகப் பொருத்தமான ஒரு தகுதி. மூன்றும் இரண்டு மூன்று வாக்கியத்தில் முடிய வேண்டும்.

"மைசெல்ஃப் இன்னார்" என்று ஆரம்பிப்பது ஆங்கிலத்தில் பிழை. "மை நேம் இஸ்" என்று தொடங்குவது பிழையில்லை, ஆனால் வீண். கீழே கையெழுத்துக்கு அடியில் பெயர் இருக்கிறதே. "ஐ பெக் டு ஸ்டேட்", "ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட்" போன்றவை மனுவின் மொழி. அவர்களுக்கு ஆள் வேண்டும் என்பதால்தான் விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் அதற்குப் பதில் எழுதுகிறீர்கள், வரம் கேட்கவில்லை.

இப்படித் தொடங்கலாம்: "ஐ ஆம் ரைட்டிங் டு அப்ளை ஃபார் தி போஸ்ட் ஆஃப் ஸ்டோர்ஸ் அசிஸ்டன்ட், அட்வர்டைஸ்டு ஆன் யுவர் வெப்சைட். ஐ ஹேவ் வொர்க்டு இன் எ வேர்ஹவுஸ் ஃபார் ஃபோர் இயர்ஸ்." சாதாரண வரிகள்தான். ஆனால் படிப்பவருக்குத் தேவையானது முழுக்க வந்துவிட்டது.

நடுப்பகுதியில் என்ன எழுதுவது? எனக்கு அங்கேதான் பேனா நின்றுவிடுகிறது.

கடிதத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லியொனார்டோ டா வின்சி 1482 வாக்கில், தன் முப்பதாவது வயதை ஒட்டி, மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். அதன் வரைவு இன்றும் மிலானில் அம்ப்ரோசியானா நூலகத்தில் உள்ள கோடெக்ஸ் அட்லாண்டிகஸ் தொகுப்பில் இருக்கிறது. அதில் அவர் முதலில் எதைச் சொல்கிறார் தெரியுமா? எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகையின்போது அகழி நீரை வெளியேற்றும் வழி, பீரங்கிகள், சுரங்கப் பாதைகள், மூடிய போர் வண்டிகள். போர்க்கால வேலைகளை எல்லாம் எண் போட்டு அடுக்கிவிட்டு, அமைதிக் காலத்தில் கட்டடமும் கட்டுவேன் என்கிறார். சிற்பமும் ஓவியமும் செய்வேன் என்பது கிட்டத்தட்ட கடைசியில்தான் வருகிறது. முடிவில், இதில் எதுவாவது நடக்காது என்று தோன்றினால் நேரில் செய்து காட்டத் தயார் என்கிறார். அப்புறம் பல ஆண்டுகள் அவர் மிலானில்தான் வேலை பார்த்தார்.

அவருக்கு ஓவியம் பெரிதா பீரங்கி பெரிதா என்பதல்ல அங்கே கேள்வி. எதிரிகள் சூழ்ந்த ஓர் ஆட்சியாளருக்கு எது வேண்டும் என்று யோசித்து, அதை முதலில் வைத்தார்.

நீங்களும் அதையே செய்யுங்கள். விளம்பரத்தை எடுத்து, அவர்கள் கேட்பதில் முக்கியமான மூன்றை அடிக்கோடு இடுங்கள். ஒரு தாளின் இடது பக்கம் அந்த மூன்றையும் எழுதி, வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தை எழுதுங்கள். குணத்தை எழுதாதீர்கள், சம்பவத்தை எழுதுங்கள்.

"ஹார்ட்வொர்க்கிங், சின்சியர், டெடிகேட்டட்" என்ற மூன்று சொல்லும் எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இருந்தன. அவற்றைப் படித்து நான் யாரையும் நினைவில் வைத்துக்கொண்டதில்லை. ஆனால் ஒருவர், தான் சேர்ந்தபோது கிடங்கில் சரக்குக் கணக்கு எடுக்க மூன்று நாள் ஆனதையும், அலமாரிகளுக்கு எண் போட்டு வரிசை மாற்றியதில் அது ஒரே நாளில் முடிந்ததையும் எழுதியிருந்தார். அவ்வளவுதான். தன்னைப் புகழ்ந்து ஒரு சொல்கூட இல்லை. அந்தக் கடிதம் இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை இப்படிச் சொல்லலாம்: "வென் ஐ ஜாயின்டு, ஸ்டாக்-டேக்கிங் டுக் த்ரீ டேஸ். ஐ நம்பர்டு தி ஷெல்வ்ஸ் அண்ட் ரீஅரேஞ்சுடு தெம். இட் நவ் டேக்ஸ் ஒன் டே."

வினைச்சொல்லையும் கவனியுங்கள். "ஐ வாஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார் டிரெயினிங்" என்பதைவிட "ஐ டிரெயின்டு சிக்ஸ் நியூ ஸ்டாஃப்" வலுவானது. முதலாவது உங்கள் பொறுப்பைச் சொல்கிறது, இரண்டாவது நீங்கள் உண்மையில் செய்ததைச் சொல்கிறது. எண்ணிச் சொல்ல முடிவதை எண்ணிச் சொல்லுங்கள். எண் தெரியாவிட்டால் ஊகித்துப் போடாதீர்கள், நேர்காணலில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

என்னைப் பற்றி நானே பெருமையாக எழுதுவது கூச்சமாக இருக்கிறதே?

புரிகிறது. பெருமை பேசாமல் வளர்ந்தவர்களுக்கு இது உண்மையான தடை. மேலே சொன்ன கிடங்குக் கடிதத்தையே மறுபடி பாருங்கள். அதில் தற்பெருமை எங்கே இருக்கிறது? நடந்ததை நடந்தபடி சொல்வது தற்பெருமை ஆகாது. "ஐ ஆம் தி பெஸ்ட் கேண்டிடேட்" என்று எழுத உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மற்ற விண்ணப்பதாரர்களை நீங்கள் பார்த்ததில்லை, அதனால் அந்த வரி எப்படியும் நிற்காது.

அனுபவமே இல்லை, இப்போதுதான் படித்து முடித்தேன். என்ன எழுதுவது?

"ஆல்தோ ஐ ஹேவ் நோ எக்ஸ்பீரியன்ஸ்" என்று மட்டும் தொடங்காதீர்கள். இல்லாததை அறிவித்துவிட்டுக் கதவைத் தட்டுவதுபோல் அது. கல்லூரி புராஜெக்ட், இன்டர்ன்ஷிப், பகுதி நேர வேலை, தன்னார்வப் பணி, வீட்டுத் தொழிலில் கணக்கு எழுதியது, எல்லாமே சம்பவங்கள்தான். புராஜெக்ட் என்றால் தலைப்பை மட்டும் எழுதாமல், அதில் உங்கள் கை பட்ட பகுதி எது என்று எழுதுங்கள்.

இரண்டு சொற்களில் கவனம் வேண்டும். "ஐ பாஸ்டு அவுட் இன் 2024" என்று எழுதினால், வெளிநாட்டவர் பலருக்கு 2024இல் மயங்கி விழுந்தீர்கள் என்று கேட்கும். "ஐ கிராஜுவேட்டட் இன் 2024" என்று எழுதுங்கள். "ஃப்ரெஷர்" என்றால் பிரிட்டனில் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவர். அதற்குப் பதில் "ரீசன்ட் கிராஜுவேட்".

நம்மவர்கள் அடிக்கடி செய்யும் மொழிப் பிழைகள் எவை?

முதலில் வருவது காலம். "மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன்" என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதனால்தான் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் தொடங்கியது முன்பு, இன்னும் தொடர்கிறது என்றால் "ஐ ஹேவ் வொர்க்டு ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்". கால அளவுக்கு "ஃபார்", தொடங்கிய புள்ளிக்கு "சின்ஸ்": ஃபார் த்ரீ இயர்ஸ், சின்ஸ் 2022. விட்டுவிட்ட வேலை என்றால் வெறும் இறந்தகாலம்: "ஐ வொர்க்டு தேர் ஃப்ரம் 2019 டு 2021".

"ஐ ஆம் ஹேவிங் எக்ஸ்பீரியன்ஸ்" தவறு, "ஐ ஹேவ்" போதும். "டிஸ்கஸ் அபவுட்" என்பதில் அபவுட் வேண்டாம். "கோப் அப் வித்" என்பதில் அப் வேண்டாம். "இன்ஃபர்மேஷன்ஸ்" என்று பன்மை கிடையாது.

அடுத்தது எ, ஆன், தி. தமிழில் இப்படி ஒன்று இல்லாததால் எங்கே போடுவது என்ற உணர்வு நமக்குத் தானாக வராது. எ, ஆன் இரண்டும் எழுத்தைப் பார்த்து மாறுவதில்லை, ஒலியைக் கேட்டு மாறுகின்றன. அதனால்தான் "எ யூனிவர்சிட்டி", ஆனால் "ஆன் எம்பிஏ", "ஆன் அவர்". உரக்கப் படித்தால் காதே சொல்லிவிடும்.

கடைசி வரியில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம்: "ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியர்". சரியானது "டு ஹியரிங் ஃப்ரம் யூ". "டூ தி நீட்ஃபுல்", "கைண்ட்லி ரிவர்ட்" இரண்டும் நம் அலுவலகங்களில் ஓடும் வழக்கு, வெளியே புரியாது. கிடைக்கும் இடத்தை மிச்சப்படுத்துங்கள்.

பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலா, அமெரிக்க எழுத்துக்கூட்டலா?

நிறுவனம் எதைப் பயன்படுத்துகிறதோ அதை. அவர்கள் விளம்பரத்திலேயே தெரியும்: "ஆர்கனைசேஷன்" என்ற சொல்லை எஸ் போட்டு எழுதினால் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு. ஸெட் இருந்தால் அமெரிக்க வழக்காக இருக்கலாம், ஆனால் பிரிட்டனிலும் சிலர் ஸெட் போடுவதுண்டு. அதனால் "கலர்", "சென்டர்" போன்ற சொற்களையும் பாருங்கள். எதுவானாலும் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

தேதியை எண்களால் மட்டும் எழுத வேண்டாம். 03/04/2025 என்பது பிரிட்டிஷ் வழக்கில் ஏப்ரல் 3, அமெரிக்க வழக்கில் மார்ச் 4. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பம் இல்லை.

எவ்வளவு நீளம்?

ஒரு பக்கம். 250 முதல் 400 சொற்கள், மூன்று நான்கு பத்திகள், 11 அல்லது 12 புள்ளி அளவில் சாதாரண எழுத்துரு.

நடுவில் இரண்டு வருடம் வேலையில் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமா?

ரெஸ்யூமேயில் அந்த இடைவெளி எப்படியும் தெரியும். அதனால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். குழந்தை வளர்ப்பு, பெற்றோரின் உடல்நலம், படிப்பு, எதுவாக இருந்தாலும் மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். அந்தக் காலத்தில் ஏதாவது கற்றிருந்தால் அதே வாக்கியத்தில் சேர்க்கலாம். முந்தைய முதலாளியைக் குறை சொல்லி ஒரு வரிகூட எழுதாதீர்கள். நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயமாகவே இருக்கலாம், ஆனால் அதைச் சரிபார்க்கப் படிப்பவரிடம் வழியில்லை.

சம்பள எதிர்பார்ப்பை எழுதலாமா?

கேட்டிருந்தால் மட்டும்.

மின்னஞ்சலில் அனுப்பும்போது கடிதத்தை உள்ளேயே எழுதுவதா, கோப்பாக இணைப்பதா?

விளம்பரம் சொல்வதைச் செய்யுங்கள். ஒன்றும் சொல்லவில்லையென்றால் கடிதத்தையும் ரெஸ்யூமேயையும் பிடிஎஃப் கோப்புகளாக இணைத்து, மின்னஞ்சலில் மூன்று நான்கு வரி மட்டும் எழுதுவது என் வழக்கம். முழுக் கடிதத்தையும் இரண்டு இடத்திலும் ஒட்ட வேண்டாம். பொருள் வரியில் வேலையின் பெயர், விளம்பர எண் இருந்தால் அது, உங்கள் பெயர். கோப்பின் பெயரிலும் உங்கள் பெயர் இருக்கட்டும். "ஃபைனல் நியூ 2" என்ற பெயரில் வந்த கோப்பு யாருடையது என்று தேடி நான் அலைந்திருக்கிறேன். தாளில் அனுப்பினால் "என்க்ளோஸ்டு", மின்னஞ்சலில் "அட்டாச்டு".

முதலில் கோப்பை இணையுங்கள், பிறகு எழுதுங்கள், பெறுநர் முகவரியைக் கடைசியில் போடுங்கள். தவறிப்போய்ப் பாதியில் அனுப்பிவிட முடியாது. சான்றிதழ், ரெஸ்யூமே, கடிதம் மூன்றிலும் உங்கள் பெயரின் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்றும் ஒரு முறை பாருங்கள்.

ஒரே கடிதத்தை எல்லா நிறுவனத்துக்கும் அனுப்பலாமா?

உங்கள் முகவரியும் கடைசிப் பத்தியும் அப்படியே இருக்கலாம். நடுப்பகுதியை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு விளம்பரமும் வேறு மூன்றைக் கேட்கிறது. பழைய கோப்பின்மேல் எழுதும்போது முந்தைய நிறுவனத்தின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். வேறு நிறுவனத்தில் சேர்வது தன் நெடுநாள் கனவு என்று எங்களுக்கு எழுதிய ஒருவரை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. நல்ல தகுதி உள்ளவர். குழுவில் மற்றவர்கள் அதற்கு மேல் படிக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதச் சொல்லலாமா?

பிழை திருத்த, ஒரு வாக்கியத்தை எளிமையாக்க, தாராளமாக. முழுக் கடிதத்தையும் எழுதச் சொன்னால், பளபளப்பான ஆங்கிலத்தில் யாருக்கும் பொருந்தக்கூடிய ஒன்று வரும். அந்தக் கிடங்கு அலமாரிக் கதை அதற்குத் தெரியாது, நீங்கள் சொன்னால்தான் உண்டு. சில சமயம் நீங்கள் செய்யாத வேலையையும் செய்ததாக எழுதிவிடும். ஒவ்வொரு வரியையும் படித்து, "இதைப் பற்றிக் கேட்டால் ஐந்து நிமிடம் பேச முடியுமா?" என்று பாருங்கள். முடியாத வரியை எடுத்துவிடுங்கள். உங்களுக்கே அர்த்தம் தெரியாத சொல்லும் இருக்கக் கூடாது.

அனுப்பிவிட்டேன், பதிலே இல்லை. மறுபடி எழுதலாமா?

எழுதலாம். கடைசித் தேதி முடிந்து ஒன்று அல்லது இரண்டு வாரம் பொறுங்கள். முதலில் அனுப்பிய அதே மின்னஞ்சலுக்குத் தொடர்ச்சியாக, எந்த வேலைக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள் என்று சொல்லி, "ஐ ஆம் ஸ்டில் வெரி இன்ட்ரஸ்டட் இன் தி போஸ்ட்" என்று சேர்த்து, வேறு ஏதாவது விவரம் தேவையா என்று கேளுங்கள். மூன்று வரிக்கு மேல் வேண்டாம். அதற்கும் பதில் இல்லையென்றால் இன்னொரு முறை எழுதாமல், அந்தத் தாளை எடுத்து இடது பக்கம் அடுத்த விளம்பரத்தின் மூன்று தேவைகளை எழுதத் தொடங்குங்கள்.